நூத்தி நாப்பது ஊத்தின டிரைவர் அண்ணன்

கியர் ஆயில் வாசம் எனக்குப் பிடிக்கும் என்றால் என் வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். மல்லிகை பிடிக்கும் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. போன மாதம் சங்ககிரிக்குப் பக்கத்தில் காற்றுப் பிடிக்க மகன் காரை நிறுத்தினான். பக்கத்துப் பட்டறையில் ஒரு லாரிக்கு அடியில் தட்டு வைத்துப் பழைய ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன முட்டையோடு மத்தாப்பைக் கொளுத்திப் போட்டாற்போல ஒரு நாற்றம் வந்தது. மகன் கண்ணாடியை ஏற்றினான். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். "அம்மா, என்ன பண்றீங்க?" என்றான். அவனுக்குச் சொல்லிப் புரியவைக்கிற பொறுமை எனக்கு இல்லை. என் வயதுக்காரர்களாகிய உங்களிடம் சொன்னால் பாதி சொல்லும்போதே சிரித்துவிடுவீர்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் ஆறாவது படித்தேன். எங்கள் ஊரில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பெரியப்பா வீடு சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில் இருந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். நான் அழுதுகொண்டுதான் போனேன், ஆனால் களத்தில் நின்ற லாரியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டேன். ஓர் ஊருக்கே நிழல் தருகிற அளவில் ஒரு வண்டி நமக்குச் சொந்தம் என்றால் சும்மாவா?

பெரியப்பா அடிப்படையில் விவசாயி. லாரி வாங்கியது பிற்பாடு. மரவள்ளிக் கிழங்கு சீசனில் ஜவ்வரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றி வடக்கே அனுப்புவார். சேலத்தைத் தாண்டித் தொப்பூர் மேட்டில் ஏறித்தான் போகவேண்டும். பெரியப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கடையில் டீகூடக் குடிக்காதவர். குடிகாரன் என்று தெரிந்தால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகமாட்டார். அவர் லாரியில் ஏறுகிற டிரைவருக்கு அவர் போடுகிற ஒரே நிபந்தனை, குடிக்கக்கூடாது என்பதுதான்.

டிரைவர் அண்ணன் அதற்கு ஒத்துக்கொண்டு வந்தவர். ஒல்லியாக, உயரமாக, அதிகம் பேசாதவராக இருப்பார். வாய்க்குப் பதிலாகக் காதை உபயோகிப்பவர். லாரி எந்த இடத்தில் என்ன சத்தம் போடுகிறது என்பதை நமக்குப் பிடித்த பாட்டைப் போல நினைவு வைத்திருப்பார்.

லாரியின் பின் அச்சில், சக்கரங்களுக்கு நடுவே, பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். இன்ஜினிலிருந்து வருகிற சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுகிற பல்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. படித்தவர்கள் டிஃபரன்ஷியல் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குக் கிரவுன் என்று பெயர். அந்தத் தை மாதம் எங்கள் லாரியின் கிரவுன் கத்த ஆரம்பித்தது.

"மேட்டுல ஏறையில ஊளை உடுதுங்க. எறக்கத்துல சும்மா வருது" என்றார் டிரைவர் அண்ணன். பட்டறை மெக்கானிக் அடியில் புகுந்து பார்த்துவிட்டு முழங்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"பல்லு இன்னும் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆயிலுதான் சூடேறுனா தண்ணியாப் போயிருது. இந்த வெயிலுக்கும் அந்த மேட்டுக்கும் தொண்ணூறாம் நம்பர் ஆயிலு தாங்காது. அதைவிடக் கெட்டியான நூத்தி நாப்பது ஊத்தோணும். அதும் ஈ.பி.யாப் பாத்து ஊத்தோணும். பல்லும் பல்லும் அழுத்தித் தேய்க்கையில நடுவால நின்னு தாங்கற மருந்து அதுலதான் இருக்குது. இப்படியே உட்டா இந்த சீசன் முடியறதுக்குள்ள பல்லு போயிரும்."

பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் ஏற்கெனவே தொண்ணூறு ஆயில் ஒரு பேரல் வாங்கிக் களத்து மூலையில் நிறுத்தியிருந்தார். கியர்பாக்ஸுக்கும் அதுதான், கிரவுனுக்கும் அதுதான்.

"எங்கப்பன் கட்டைவண்டி ஓட்டுன காலத்துல ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே மசகுதான். எனக்கு வேற மசகு வேணும்னு எந்தச் சக்கரமாச்சும் கேட்டுச்சா? பேரல் நிக்குதல்ல, அதையே ஊத்துங்க" என்றார்.

டிரைவர் அண்ணன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். மூன்று தடவையும் கட்டைவண்டி வந்து குறுக்கே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா பரமத்தி வேலூரில் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். டிரைவர் அண்ணன் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நீங்க இங்கிலீசு படிக்கிறீங்கல்ல?"

"படிக்கிறேன். ஏபிசிடி பூரா வரும்."

"அது போதும். எனக்கு நம்பரு தெரியும், எழுத்துத் தெரியாது. ஆயில் கடை வரைக்கும் வந்துட்டுப் போங்க சாமி."

பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியம்மா காரணம் கேட்காமல் தலைசீவி விட்டு அனுப்பினார். ஆயில் கடைக்குப் போக யாராவது ரிப்பன் கட்டிக்கொள்வார்களா? நான் கட்டிக்கொண்டேன், சிவப்பு ரிப்பன்.

அந்தக் கடையை இப்போது நினைத்தாலும் எனக்கு மூக்கு விடைக்கிறது. வரிசையாகப் பீப்பாய்கள், தரையெல்லாம் கருப்புப் பிசுக்கு, நடந்தால் செருப்பு ஒட்டி ஒட்டி எழும். கடைக்காரர் ஒரு பீப்பாயைத் தட்டி, "லூசுல வாங்கிக்க, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். டிரைவர் அண்ணன் விரலைத் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். இரண்டு விரலையும் மெதுவாகப் பிரித்தார். நல்ல ஆயிலென்றால் நூல் இழுக்கும்; இதில் நூலே வரவில்லை. மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே ஒரு லாரிக்குள்ள இருந்துட்டு வந்த ஆயிலுங்க" என்று மரியாதையாகச் சொன்னார். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, மூடி முத்திரை வைத்த டின் ஒன்றை எடுத்து வைத்தார்.

அதில் நூற்று நாற்பது என்று நம்பர் இருந்தது. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வகுப்பில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவித் தேடினேன். டின்னைச் சுற்றி வந்தேன். பிறகு சொன்னேன்: "அண்ணா, இதுல ஈ.பி. இல்லை."

கடைக்காரர் முகம் போன போக்கு! இன்னொரு டின், மஞ்சள் நிறம், உள்ளிருந்து வந்தது. அதில் ஈயும் இருந்தது, பக்கத்திலேயே பியும் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் ஒரு சந்தேகமும் இருந்தது. "அண்ணா, இது ஈ.பி. ஆபீஸ்காரங்க ஆயிலுங்களா? ஊத்துனா ஷாக் அடிக்காதா?" என்றேன். மின்சார ஆபீஸைத் தவிர வேறு ஈ.பி. எனக்குத் தெரியாது. தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றுதானே. டிரைவர் அண்ணன் சிரித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

பட்டறையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து சூட்டோடு பழைய ஆயிலை இறக்கினார்கள். சூடாக இருந்தால்தான் கசடும் சேர்ந்து வருமாம். கருப்பாக ஒழுகியதில் பொடிப்பொடியாக மினுங்கியது. அழகாக இருக்கிறது என்றேன். "அத்தனையும் பல்லு தேஞ்ச தூளுங்க அம்மிணி" என்றார் மெக்கானிக். பிறகு புது ஆயிலைக் கைப்பம்பில் ஏற்றினார்கள். கரும்பாலையில் காய்ச்சின வெல்லப்பாகுபோலக் கெட்டியாக, தேன் நிறத்தில் இருந்தது. பம்பை நானும் அடித்தேன். பக்கத்துத் துவாரத்தில் வழிந்தால் நிறைந்தது என்று அர்த்தம். வழிந்தபோது நான் கத்திய கத்தலில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. என் ரிப்பனிலும் கொஞ்சம் பட்டது. அந்த ரிப்பன் அதற்கப்புறம் எத்தனை துவைத்தும் அந்த வாசத்தை விடவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் டிரைவர் அண்ணன் நின்றார். "பெரியப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க சாமி. பேரலை நிறுத்திப்போட்டு வேற ஆயில் ஊத்துனன்னா கோவிச்சுக்குவாரு. சீசன் முடிஞ்சதும் நானே சொல்லிக்கறேன்."

"மாரியாத்தா மேல சத்தியமா பெரியப்பாகிட்டச் சொல்லமாட்டேன்" என்றேன். காலி டின்னைக் கூலியாக எனக்குக் கொடுத்தார். நான் அதைப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். பெரியம்மா மேல் தகட்டை வெட்டிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, கோழிக்குத் தண்ணீர் வைத்தார். ஏது என்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் கிரவுன் வாயே திறக்கவில்லை. தொப்பூர் மேட்டில் இன்ஜின் சத்தம் மட்டும்தான் கேட்டதாம். ஒரு விடுமுறை நாள் பெரியப்பா, பெரியம்மா, நான் மூவரும் ஆலை வரைக்கும் லாரியிலேயே போனோம். பெரியப்பா சன்னலில் தலையை நீட்டிப் பின்பக்கம் காது கொடுத்தார். பிறகு தொடையைத் தட்டினார்.

"பாத்தீங்களா? ஊளை போன எடம் தெரியல. தொண்ணூறு சாமானியப்பட்ட ஆயில் இல்ல. கொஞ்சம் பழகோணும், அவ்வளவுதான். அதுக்குள்ள நூத்தி நாப்பதாம், ஈ.பி.யாம்!"

டிரைவர் அண்ணன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் பெரியம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். பிள்ளைக்கு லாரி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பெரியப்பா எனக்கு எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். ஊரில் பார்த்தவரிடமெல்லாம் தொண்ணூறின் மகிமையைச் சொன்னார். சொல்லிச் சொல்லி மெக்கானிக் சொன்ன எண்ணையும் எழுத்தையும் சுத்தமாக மறந்துபோனார். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

சில வாரம் கழித்துப் பெரியப்பா பட்டறைப் பக்கம் போயிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு டிரைவரிடம் பேசுகிற டிரைவர் அண்ணன் குரல்.

"தொண்ணூறெல்லாம் பத்தவே பத்தாதுங்க. நூத்தி நாப்பது ஊத்துனதுக்கப்புறம் தொப்பூர் மேட்டுல சத்தமில்லாம ஏறுறேன். மொதலாளிக்கு மட்டும் தெரியாமப் பாத்துக்கறேன்."

குடிக்கிறவர்கள் தொண்ணூறு மில்லி, நூற்றெண்பது மில்லி என்று கணக்கு வைத்துப் பேசுவது குடிக்காத பெரியப்பாவுக்கும் தெரியும். அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. அப்படியே திரும்பி வந்தார். களத்துக் கொடியில் டிரைவர் அண்ணனின் காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதை இழுத்து மோந்துபார்த்தார். துவைத்த சட்டைதான், ஆனாலும் அந்த ஆயில் வாசம் போகுமா?

"இங்க வா. மோந்து பாரு. இதுதான் சாராய நாத்தம்" என்று பெரியம்மாவிடம் நீட்டினார். சாராயத்தை ஒரு நாளும் கிட்டத்தில் பார்க்காத மனிதர்! அவருக்கு எந்தக் கெட்ட நாற்றமும் சாராய நாற்றம்தான்.

பெரியம்மா மோந்துபார்த்தார். "இது அந்த நாத்தமில்லீங்க" என்றார்.

"உனக்கெப்படித் தெரியும்?"

பெரியம்மா சட்டையை உதறி மறுபடியும் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அவருடைய அப்பா அவர் கல்யாணத்துக்கு முன்பே குடித்துக் குடித்தே செத்தவர் என்பது எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. பெரியப்பாவுக்கு அது கடைசிவரை தெரியாது. கல்யாணத்தின்போது விசாரிக்க வந்தவர்களிடம் யாரோ மறைத்திருக்கிறார்கள். பெரியம்மா அன்று ஒரு வேற்று மனிதருக்காக அத்தனை தூரம் வாயைத் திறந்ததே பெரிது என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அவர் பயந்தாங்கொள்ளியாகத் தெரிந்தார்.

அடுத்த விசாரணை என்னிடம். "அம்மிணி, நீதான் அவன்கூடச் சுத்தறே. நெசத்தைச் சொல்லு. என்னத்தை ஊத்துனான்?"

சத்தியம் ஒரு பக்கம், டிரைவர் அண்ணன் ஒரு பக்கம். நான் பாதியைச் சொன்னால் பாதி சத்தியம் மிஞ்சும் என்று எனக்கு நானே ஒரு ஞாயம் கண்டுபிடித்தேன். "அது வந்துங்க பெரியப்பா... ஈ.பி.ங்க."

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஈ.பி.யா? கரண்டு ஆபீஸ்காரங்களோட சேர்ந்தா ஊத்தறான்? கருமம்! இதுல கூட்டு வேறயா?"

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் கரண்டு போனால்கூடப் பெரியப்பா டிரைவர் அண்ணன் பெயரைத்தான் திட்டினார். பாவம், கரண்டு ஆபீஸ்காரர் ஒருவர் மீட்டர் பார்க்க வந்தபோது அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவிடவில்லை.

வண்டி நல்லபடியாக ஓடியதால் சீசன் முடியட்டும் என்று பெரியப்பா பொறுத்திருந்தார். முடிந்ததும் வேலையை விட்டுத் தாட்டிவிடுவது என்று முடிவு. அதற்குள் இன்னொன்று குறுக்கே வந்தது. டிரைவர் அண்ணனுக்குப் பள்ளிபாளையத்தில் பெண் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா முதலாளியைப் பார்த்து ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளப் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். டிரைவர் அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "மொதலாளி நல்ல வார்த்தை சொல்லுவாருங்க அம்மிணி. அவரு சொன்னாப் போதும், முடிஞ்சாப்பல."

பெரியப்பாவோ, "நான் பொய் சொல்லி ஒரு பொண்ணு பொழப்பைக் கெடுக்கமாட்டேன். நெசத்தைத்தான் சொல்லுவேன்" என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் நல்ல மனிதர். அதுதான் ஆபத்து.

பெண்ணின் அப்பா வந்தார். கட்டையான ஆள், வெள்ளைச் சட்டை, ஆனால் நகக்கண்ணில் கருப்பு. முப்பது வருடம் லாரி ஓட்டிவிட்டு ஓய்ந்தவர் என்று அவரே சொன்னார். மோர் குடித்தார். மழை பற்றிப் பேசினார்கள். பிறகு கேட்டார்: "ஏனுங்க, பையன் எப்படிங்க?"

"வண்டி ஓட்டறதுல கொறை சொல்ல முடியாதுங்க" என்றார் பெரியப்பா. "ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதல்லங்க. பையன் ஊத்தறானுங்க."

அந்தப் பெரியவர் முகம் விழுந்துவிட்டது. "அப்படிங்களா?"

"என் காதுலயே கேட்டனுங்க. தொண்ணூறு பத்தலயாம், நூத்தி நாப்பதாம். அதை ஊத்துனாத்தான் தொப்பூர் மேட்டுல சத்தமில்லாம ஏறுதாம்."

பெரியவர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். "நூத்தி நாப்பதுங்களா? தொண்ணூறு இருக்குது, நூத்தியெம்பது இருக்குது. நூத்தி நாப்பதுன்னு எந்தக் கடையிலயும் அளவு கெடையாதுங்களே" என்றார். சொன்ன பிறகுதான் தான் எதைக் காட்டிக்கொண்டோம் என்று புரிந்து, பெரிதாக ஓர் இருமல் இருமினார்.

"அதும் ஈ.பி. ஆளுங்களோட கூட்டுச் சேந்து ஊத்தறானுங்க" என்று பெரியப்பா முடித்தார்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பெரியப்பாகிட்டச் சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? காட்டமாட்டேன் என்று யார் சொன்னது? அதுவும் வந்தவரிடம் காட்டுவதற்கு மாரியாத்தா ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறாள்? கொல்லைக்கு ஓடினேன். கோழிகள் சிதறின. மஞ்சள் டின்னில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொண்டுவந்து பெரியவர் முன்னால் வைத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"என்ன கண்ணு இது?" என்று அவர் டின்னைத் திருப்பினார். கோழி எச்சத்தைப் பெருவிரலால் துடைத்தார். அந்த இரண்டு எழுத்தும் மூன்று நம்பரும் தெரிந்தன. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வயிறு குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலி கிறீச்சிட்டது.

"கிரவுனுக்குங்க! கிரவுனுக்கு ஊத்தியிருக்கறானுங்க! ஈ.பி. நூத்தி நாப்பது! நானே பத்து வருசம் தொண்ணூறை ஊத்தி ரெண்டு கிரவுன் பல்லைத் தின்னுட்டுத்தானுங்க இதைக் கத்துக்கிட்டேன். இந்த வயசுல இதைப் பாத்து ஊத்தறவன் எம்பொண்ணையும் பதனமா வெச்சுக்குவானுங்க. எனக்கு வேற விசாரணையே வேண்டாம்."

பெரியப்பா டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், களத்து மூலையில் நின்ற பேரலைப் பார்த்தார். அவர் ஊரெல்லாம் சொன்ன தொண்ணூறின் மகிமை அங்கே நின்றது. கொஞ்ச நேரம் அவர் கோபப்படுவாரா சிரிப்பாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கதவு ஓரம் நின்ற பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்.

"அப்ப இத்தனை பெரிய பேரலை என்னதாங்க பண்றது?" என்றார் கடைசியில், பரிதாபமாக.

"கியர்பாக்ஸுக்கு அதாங்க நல்லது. அதுக்குள்ள பித்தளை இருக்குது, ஈ.பி. ஊத்துனா அரிச்சுப்போடும். ரெண்டும் வேணுமுங்க" என்றார் பெரியவர். ரெண்டும் வேணும் என்றதைக் கேட்டதும் பெரியப்பாவுக்கு மானம் திரும்பி வந்தது. அப்போதுதான் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர் அண்ணனை வாசலிலேயே நிறுத்தினார். "ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவ சொன்னனுங்க. கட்டைவண்டி..."

"செரி, செரி, கட்டைவண்டியை உடு. வைகாசியில முகூர்த்தம். போய்க் குளி" என்றார். அந்த இல்லாத பல் தெரிய டிரைவர் அண்ணன் சிரித்தது அது இரண்டாவது தடவை.

கல்யாணம் பள்ளிபாளையத்தில். சீர் வைக்கும்போது எங்கள் முறை வந்தது. பெரியப்பா தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், வேட்டி சேலை வைத்து, நடுவே மஞ்சள் குங்குமம் வைத்த புது ஆயில் டின் ஒன்றை நிறுத்தினார். மணமேடையே விழித்தது. "அம்மிணி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி" என்றார். நான் அதே சிவப்பு ரிப்பனோடு நிமிர்ந்து நின்று படித்தேன்: "ஈ... பி... நூத்தி நாப்பது!" வந்திருந்த டிரைவர்மார் அத்தனை பேரும் கைதட்டினார்கள். மேளக்காரர் எதற்கென்றே தெரியாமல் கெட்டிமேளம் கொட்டினார்.

மூடி கொஞ்சம் கசிந்திருக்கவேண்டும். சந்தனம், சாம்பிராணி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்த நாற்றம் கிளம்பியது. பெரியப்பா மூக்கைச் சுருக்கவில்லை. பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"உன்ற மூக்குத்தான் அன்னிக்கே சரியாச் சொல்லுச்சே. இப்பச் சொல்லு, இது என்ன நாத்தம்?"

பெரியம்மா ஒரு தடவை நன்றாக இழுத்து மோந்துபார்த்தார். "நாத்தமா? இது கல்யாண வாசமுங்க" என்றார்.